அரசும் நாமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: அமெரிக்காவின் ‘ப்ராஜெக்ட் 2025’. அதனால் பென்ஷன், வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். புதிய வாசகர்களுக்கு: நான் சென்னைக் கோட்டையில், தலைமைச் செயலகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்ந்து சார்புச் செயலாளராக ஓய்வு பெற்றவள். ஒரு அரசாங்கம் உள்ளுக்குள் எப்படி நகர்கிறது என்பதைக் கோப்புகளின் வழியாகப் பார்த்தவள். அந்தக் கண்ணோடுதான் இந்தத் திட்டத்தையும் படித்தேன்.

கே: ‘ப்ராஜெக்ட் 2025’ என்பது உண்மையில் என்ன? தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டிரம்ப் சொன்னாரே? (மதுரை வாசகர்)

வாஷிங்டனில் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. 1973இல் தொடங்கியது. வலதுசாரி அரசியலுக்குக் கொள்கை வகுத்துக் கொடுப்பது அதன் வேலை. 1981இல் ரீகன் ஆட்சிக்கு வந்தபோதே ‘மேண்டேட் ஃபார் லீடர்ஷிப்’ என்ற தலைப்பில் ஒரு பெரிய கையேட்டைத் தயாரித்துக் கொடுத்தவர்கள். அதே தலைப்பில் 2023 ஏப்ரலில் வந்த புத்தகம்தான் இப்போதைய பேச்சுக்குக் காரணம். 900 பக்கங்களுக்கு மேல், துறைவாரியாக 30 அத்தியாயங்கள். நூறுக்கும் மேற்பட்ட அமைப்புகள் இதில் கைகோத்தன.

புத்தகம் ஒரு பகுதி மட்டுமே. பதவிகளில் அமர்த்தத் தகுந்தவர்களின் பட்டியல், அவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள், முதல் 180 நாட்களுக்கான செயல்திட்டம் ஆகியவையும் சேர்ந்ததுதான் ப்ராஜெக்ட் 2025.

2024 ஜூலையில் டிரம்ப், இந்தத் திட்டத்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அறிவித்தார். அந்த மாதக் கடைசியிலேயே திட்டத்தின் இயக்குநர் பால் டான்ஸ் பொறுப்பிலிருந்து விலகினார். தேர்தல் முடிந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். அதிபர் அலுவலகம் பற்றிய அத்தியாயத்தை எழுதிய ரஸ்ஸல் வோட், நிதிநிலை அறிக்கையைத் தயாரிக்கும் அலுவலகத்துக்கு 2025 பிப்ரவரியில் மறுபடி தலைவரானார். தகவல் தொடர்பு ஆணையம் பற்றி எழுதிய பிரெண்டன் கார், அதே ஆணையத்தின் தலைவரானார். ஒரு அரசாங்கத்தின் போக்கைத் தெரிந்துகொள்ள அதன் நியமன ஆணைகளைப் படித்தால் போதும் என்பது என் அனுபவம்.

ஒரு கட்சியைச் சார்ந்தவர்கள் இப்படித் திட்டம் எழுதுவது தவறே அல்ல. எந்த விதியை விலக்க வேண்டும், எந்த அலுவலகத்தை எதனோடு சேர்க்க வேண்டும், எந்தப் பதவிக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருப்பதில் உழைப்பு தெரிகிறது. அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதில்தான் எனக்குக் கவலை.

கே: இங்கேயும் ஆட்சி மாறினால் கலெக்டர் மாறுகிறார், எஸ்.பி. மாறுகிறார். அங்கே அதிகாரிகளை மாற்றினால் மட்டும் என்ன இவ்வளவு கூச்சல்? (தஞ்சாவூரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ஐயா, வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இடமாற்றம் வேறு, பணிநீக்கம் வேறு. இங்கே ஆட்சி மாறினால் அதிகாரியின் நாற்காலி மாறும், வேலை போகாது. நம் அரசியல் சாசனத்தின் 311ஆவது பிரிவு, குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரணை நடத்தி, விளக்கம் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்காமல் அரசு ஊழியரை நீக்கக் கூடாது என்கிறது. அதற்கு விலக்குகளும் உண்டு. 2003இல் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்களைத் தமிழக அரசு ஒரே வீச்சில் நீக்கியதையும், உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்த பிறகு பெரும்பாலோர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் பொதுவிதி நிற்கிறது. 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் சர்தார் படேல் வாதாடியது இதற்காகத்தான். மனதில் பட்டதைத் தயங்காமல் சொல்லும் அதிகாரிகள் இல்லாவிட்டால் ஒன்றுபட்ட இந்தியா நிற்காது என்பது அவர் வாதம்.

அமெரிக்காவில் அதிபர் மாறும்போது சுமார் 4,000 பதவிகள் அவர் விருப்பப்படி நிரப்பப்படும். இது பழைய வழக்கம், யாரும் குறை சொல்வதில்லை. அவர்களுக்குக் கீழே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட நிரந்தர ஊழியர்கள். ஒரு காலத்தில் அந்த வேலைகளும் வென்ற கட்சிக்குத்தான். 1829இல் பதவியேற்ற ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் அது வெளிப்படையான வழக்கமாகவே ஆனது. தபால் நிலைய வேலைக்குக்கூடக் கட்சிக்காரரின் சிபாரிசு வேண்டும். 1881இல், தேர்தலில் உழைத்த தனக்குப் பாரிஸ் தூதரகத்தில் பதவி தரவில்லை என்ற ஆத்திரத்தில் சார்ல்ஸ் கிட்டோ என்பவன் அதிபர் கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுட்டான். கார்ஃபீல்டு செப்டம்பரில் இறந்துபோனார். அந்த அதிர்ச்சியில்தான் 1883இல் பெண்டில்டன் சட்டம் வந்தது. தேர்வு எழுதி, தகுதி பார்த்து வேலை. கட்சிக்கு நன்கொடை தரவில்லை என்பதற்காக நீக்கக் கூடாது. தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்குத்தான் அது பொருந்தியது. பிறகு வந்த அதிபர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தார்கள்.

இந்த ஏற்பாட்டைத்தான் ‘ஷெட்யூல் எஃப்’ தொடுகிறது. கொள்கை வகுப்பதில் பங்குள்ள நிரந்தர ஊழியர்களை ஒரு தனி வகையில் போட்டுவிட்டால், நீக்கும்போது மேல்முறையீட்டு உரிமை அவர்களுக்கு இருக்காது. டிரம்ப் 2020 அக்டோபரில் இதற்கு ஆணையிட்டார். பைடன் 2021 ஜனவரியில் ரத்து செய்தார். மறுபடி கொண்டுவர வேண்டும் என்று ப்ராஜெக்ட் 2025 புத்தகம் சொன்னது. 2025 ஜனவரி 20ஆம் தேதி, பதவியேற்ற அன்றே, பெயரைச் சற்று மாற்றி டிரம்ப் கொண்டுவந்தார். அரசின் சொந்த மதிப்பீட்டின்படி சுமார் 50,000 பணியிடங்கள் இதில் வரும்.

மொத்த ஊழியர்களில் இது நூற்றுக்கு இரண்டுதானே என்று தோன்றலாம். அந்த இரண்டு பேர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கோட்டையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். கடலோரத்தில் குடியிருந்த சில குடும்பங்களின் வீட்டுமனைப் பட்டாவை ரத்து செய்ய ஒரு முன்மொழிவு என் மேஜைக்கு வந்தது. நடப்புக் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினேன். அந்தக் குடும்பங்களுக்கு நோட்டீஸ் கொடுத்ததற்கான அத்தாட்சி எங்குமே இல்லை. குறிப்புக் கோப்பில், “பாதிக்கப்படுவோருக்கு விளக்கம் அளிக்க வாய்ப்பு வழங்கப்படவில்லை. எனவே ஆணை பிறப்பிக்க விதிகளில் இடமில்லை” என்று எழுதி மேலே அனுப்பினேன். மறுநாள் கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே சொல்: “பேசுக.” போய்ப் பேசினேன். குறிப்பை மாற்றி எழுதச் சொன்னார்கள். எழுத்துப்பூர்வமாக ஆணையிட்டால் அதைப் பதிவு செய்து அனுப்புகிறேன் என்றேன். எழுத்தில் யாரும் தரவில்லை. கோப்பு அப்படியே கிடந்தது. சில வாரங்களில் என்னை வேறு துறைக்கு மாற்றினார்கள். அந்த மாதமும் சம்பளம் வந்தது. அந்தக் குடும்பங்களுக்கு நோட்டீஸ் போனது. அவர்கள் வக்கீல் வைத்துக்கொண்டார்கள்.

என்னிடம் அசாத்தியத் துணிச்சல் ஒன்றும் இருக்கவில்லை. 311ஆவது பிரிவு இருந்தது. வேலை போய்விடும் என்றிருந்தால், வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் என் பேனாவைத் திருப்பியிருக்கும். அரசு ஊழியருக்கு இருக்கும் பாதுகாப்பு அவர் சொகுசுக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தக் கடலோரக் குடும்பங்களுக்கு எந்த ஊழியரையும் தெரியாது. அந்தப் பாதுகாப்பு அவர்களுக்குத்தான் பயன்பட்டது.

கே: மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர் சொல்வதை, யாரும் தேர்ந்தெடுக்காத அதிகாரிகள் தடுப்பது எந்த ஊர் ஜனநாயகம்? (கோவையிலிருந்து ஒரு தொழில்முனைவோர்)

திட்டத்தின் ஆதரவாளர்கள் சொல்லும் மிக வலுவான வாதம் இது. நிர்வாக அதிகாரம் முழுவதையும் அதிபர் ஒருவரிடமே அமெரிக்க அரசியல் சாசனம் ஒப்படைக்கிறது. டிரம்பின் முதல் ஆட்சியில் அதிகாரிகள் வேண்டுமென்றே இழுத்தடித்தார்கள் என்று அவர்கள் குமுறுகிறார்கள். வேலை செய்யாத ஊழியரை நீக்க அங்கே மாதக்கணக்கில் ஆகிறது என்பதும் உண்மை. அமைச்சர் எடுத்த கொள்கை முடிவைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று கிடப்பில் போடும் அதிகாரிகளை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் கொள்கை அமைச்சருடையது என்றால், கணக்கும் சட்டமும் அதிகாரியின் பொறுப்பு. அந்தக் கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025லேயே உதாரணம் இருக்கிறது. ஜனவரி 24ஆம் தேதி இரவு, துறைகளுக்குள் ஊழலையும் வீண் செலவையும் கண்காணிக்கும் தலைமை ஆய்வாளர்களில் சுமார் 17 பேர் நீக்கப்பட்டார்கள். 30 நாள் முன்னதாக நாடாளுமன்றத்துக்குக் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் கடைப்பிடிக்கப்படவில்லை. ஆகஸ்ட் 1ஆம் தேதி, வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்த அதே நாளில், தொழிலாளர் புள்ளியியல் அமைப்பின் ஆணையர் எரிகா மெக்கென்டார்ஃபர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த மாதம் எண்களைத் தொகுக்கும் ஊழியர் மனதில் என்ன ஓடும்? நீங்கள் தொழில் நடத்துகிறவர். உங்கள் கணக்காளர் உங்கள் முகத்தைப் பார்த்து லாபத்தை எழுதினால் எத்தனை நாள் கடை நடக்கும்?

கே: நாளை ஜனநாயகக் கட்சி வந்தால் இதே வசதியை அவர்களும் பயன்படுத்திக்கொள்வார்களே? (திண்டுக்கல்)

தாராளமாக. நீக்கும் அதிகாரம் கட்சி பார்த்து வேலை செய்யாது.

கே: ஊழியர் பிரச்சினை புரிகிறது. சாதாரணக் குடிமக்களின் உரிமை இதில் எங்கே பாதிக்கப்படுகிறது? (கும்பகோணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

மாற்றுத்திறனாளிக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 504ஆவது பிரிவு, ஒன்றிய அரசின் பணம் பெறும் எந்தப் பள்ளியும் அந்தக் குழந்தையை ஒதுக்கக் கூடாது என்கிறது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குச் சாய்தளம் இல்லை, காது கேளாத பிள்ளைக்கு உதவியாளர் தரவில்லை என்றால் பெற்றோர் கல்வித் துறையின் சிவில் உரிமைகள் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பலாம். வக்கீல் ஃபீஸ் கிடையாது. அலுவலர் ஒருவர் பள்ளியிடம் விளக்கம் கேட்பார், கோப்புகளை வாங்கிப் பார்ப்பார், பெரும்பாலும் சமரசமாகவே முடியும்.

கல்வித் துறையையே கடைசியில் ஒழித்துவிட வேண்டும் என்பது ப்ராஜெக்ட் 2025இன் யோசனை. சிவில் உரிமைகள் அலுவலகத்தை நீதித் துறைக்கு மாற்றி, வழக்குப் போடுவதன் மூலம் மட்டுமே உரிமைகளை நிலைநாட்டினால் போதும் என்றும் சொல்கிறது. 2025 மார்ச்சில் கல்வித் துறையின் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது. அந்த மாதமே துறையை மூடுவதற்கான நடவடிக்கைகளை எடுக்கும்படி அதிபர் ஆணையும் வந்தது. சிவில் உரிமைகள் அலுவலகத்தின் 12 மண்டல அலுவலகங்களில் 7 மூடப்பட்டன. நியூயார்க், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ எல்லாம் அதில் அடக்கம்.

இதில் கவனிக்க வேண்டியது, 504ஆவது பிரிவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. துறையை உருவாக்கியது 1979இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அதை முழுதாக மூடவும் நாடாளுமன்றம்தான் சட்டம் போட வேண்டும். சட்டப் புத்தகத்தில் உரிமை இருக்கிறது. புகாரைப் பிரித்துப் படிக்க ஆள் குறைந்துவிட்டார்கள். கையில் காசுள்ள பெற்றோர் வழக்குப் போடுவார்கள். மற்றவர்கள் காத்திருப்பார்கள், குழந்தை அதற்குள் இரண்டு வகுப்பு தாண்டிவிடும். உரிமையைப் பறிக்க அதை ரத்து செய்ய வேண்டியதில்லை என்பதை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அதைக் கவனிக்கும் அலுவலகத்தில் பணியிடம் காலியாகவே விடப்பட்டால் போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது: தூங்கும் சட்டத்தை எழுப்புவது. தபாலில் ‘ஆபாசப்’ பொருள்களை அனுப்பக் கூடாது என்ற 1873ஆம் ஆண்டு காம்ஸ்டாக் சட்டம், கருக்கலைப்புக்கான பொருள்களையும் அந்தக் கணக்கில் சேர்த்தது. பல பத்தாண்டுகளாக அதை அதற்காக யாரும் பயன்படுத்துவதில்லை. கருக்கலைப்பு மாத்திரைகளைத் தபாலில் அனுப்புவதற்கு எதிராக அதை அமல்படுத்த வேண்டும் என்கிறது புத்தகம். 2000இல் அனுமதி பெற்ற மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரையின் அனுமதியையே திரும்பப் பெறவும் சொல்கிறது. 2022இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. தடை உள்ள மாநிலங்களில் வாழும் பெண்ணுக்கு இந்தத் தபால் வழி எவ்வளவு முக்கியம் என்பதை உங்கள் வயதுப் பெண்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். கருக்கலைப்பு பற்றி யாருக்கு என்ன நம்பிக்கை இருந்தாலும், ஒரு நாட்டுப் பெண்களுக்கு இவ்வளவு பெரிய மாற்றம் வாக்கெடுப்பு இல்லாமல் ஒரு நிர்வாக முடிவால் வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கே: நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம். குழந்தை பிறக்கப் போகிறது. அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்ற ஆணையும் இந்தப் புத்தகத்திலிருந்து வந்ததா? (நியூ ஜெர்சியிலிருந்து திருநெல்வேலிக்காரர்)

தம்பி, முதலில் வாழ்த்துகள். வீட்டுக்காரம்மாவை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள்.

அந்த ஆணை இந்தப் புத்தகத்தின் யோசனை அல்ல. நடப்பது எல்லாவற்றையும் ப்ராஜெக்ட் 2025 தலையில் கட்டுவது தவறு என்பதற்கு இதுவே சான்று. 2025 ஜனவரி 20இல் டிரம்ப் கையெழுத்திட்ட அந்த ஆணை, தாய் சட்டபூர்வமாகவே ஆனால் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லாவிட்டால் குழந்தைக்குக் குடியுரிமை ஆவணம் தரக் கூடாது என்றது. அதாவது உங்களைப் போன்றவர்கள். மூன்றாம் நாளே சியாட்டிலில் ஒரு நீதிபதி அதை நிறுத்தி வைத்தார். அவரை நியமித்தவர் ரீகன். 1868இல் வந்த 14ஆவது திருத்தம், அமெரிக்காவில் பிறந்து அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லோரும் குடிமக்கள் என்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க் என்பவரின் வழக்கில் 1898இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூனில், நாடு முழுவதற்கும் தடை விதிக்கும் கீழ் நீதிமன்றங்களின் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் சுருக்கியது. ஜூலையிலேயே நியூ ஹாம்ப்ஷயரில், பாதிக்கப்படும் குழந்தைகள் எல்லோருக்குமான கூட்டு வழக்காக எடுத்துக்கொண்டு இன்னொரு நீதிபதி தடை விதித்தார். பிரசவத்துக்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரை ஒரு முறை பார்த்துவிடுங்கள். இருவரின் ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), விசா ஒப்புதல் கடிதம், திருமணச் சான்றிதழ் நகல்களை ஒரே கோப்பில் வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

எச்-1பி விஷயத்தில் புத்தகத்தின் கருத்து உண்டு. மிக உயர்ந்த சம்பளத்தில், மிகத் திறமையானவர்களுக்கு மட்டும் என்று அதைச் சுருக்க வேண்டும் என்கிறது. 2025 செப்டம்பரில் வந்த ஒரு லட்சம் டாலர் கட்டண அறிவிப்பு, வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவர்களுக்கான விண்ணப்பங்களைக் குறிவைத்தது.

கே: நாடாளுமன்றம் என்று ஒன்று அங்கே இல்லையா? (சேலம்)

இருக்கிறது. அதன் பெரிய ஆயுதம் பணம். நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தை அதிபர் தன் விருப்பப்படி செலவிடாமல் வைத்திருக்கக் கூடாது என்று 1974இல் சட்டம் போட்டார்கள்; நிக்சன் அப்படிச் செய்து பார்த்ததால் வந்த சட்டம் அது. இந்தச் சட்டமே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்பது ரஸ்ஸல் வோட்டின் நிலைப்பாடு. 2025 ஆகஸ்டில், நிதியாண்டு முடியும் தறுவாயில், 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவியை ரத்து செய்யக் கோரி அதிபர் நாடாளுமன்றத்துக்கு எழுதினார். அவர்கள் பரிசீலிக்கும் அவகாசத்துக்குள் ஆண்டே முடிந்து ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பணத்தைப் பிடித்து வைக்க இடைக்கால அனுமதி கொடுத்தது. 1961இல் கென்னடி தொடங்கிய வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலை 1இல் வெளியுறவுத் துறையில் கரைக்கப்பட்டது. அதைச் சுருக்கிச் சீர்திருத்தத்தான் புத்தகம் சொன்னது. ஆட்சி அதையும் தாண்டிவிட்டது.

எதிர்ப்பக்கமும் சொல்கிறேன். பொது ஒலிபரப்புக்கான அரசு நிதியை நிறுத்த வேண்டும் என்ற புத்தகத்தின் யோசனை, 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கிராமப்புற வானொலி நிலையங்களுக்கு அது பெரிய அடி, எனக்கு வருத்தம்தான். ஆனால் உறுப்பினர்கள் பெயர் பதிவாகும்படி வாக்களித்தார்கள். தொகுதி மக்கள் அவர்களிடம் கேள்வி கேட்கலாம். அந்த முறையில் எனக்குக் குறை இல்லை.

கே: 900 பக்கமும் படிக்க நேரமில்லை. எங்கே தொடங்கலாம்? (வேலூரிலிருந்து போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்)

புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்றாவது அத்தியாயத்தை முதலில் படியுங்கள். ஊழியர் நிர்வாகம் பற்றியது. எழுதியவர்களில் ஒருவரான டொனால்ட் டிவைன், ரீகன் காலத்தில் ஒன்றிய அரசின் ஊழியர் நிர்வாக அலுவலகத்தை நடத்தியவர். தொழில் தெரிந்தவர், வாதத்தைத் தெளிவாக வைக்கிறார். பிறகு இரண்டாவது அத்தியாயம், வோட் எழுதியது. அதோடு பெண்டில்டன் சட்டத்தையும் நம் 311ஆவது பிரிவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து சில பக்கங்கள்தான். படித்தபின் எங்கே நான் சொன்னதோடு உடன்படவில்லையோ அதைப் பக்க எண்ணோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பட்டா கேள்விகளுக்கு நடுவே அதற்கும் இடம் ஒதுக்குகிறேன்.